இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுவோருக்கான பிற்காப்பு: எங்கிருந்து தொடங்குவது?

வினா

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லத்தை நடத்தும் சிறிய அறக்கட்டளையில் பணியாற்றுகிறேன். எங்களிடம் இப்போது 42 பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு ஆண்டுதோறும் நான்கைந்து பேர் வெளியேறுகிறார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு ஜோடிப் புதுத்துணி, சான்றிதழ்கள் அடங்கிய ஃபைல், கையில் கொஞ்சம் பணம், வாசலில் எல்லோரும் நின்று எடுக்கும் ஒரு புகைப்படம்: இதுவரை நாங்கள் செய்துவந்த பிற்காப்பு, அதாவது வெளியேறுபவருக்குத் தரும் ஆதரவு, இவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அப்படிப் போன ஒருவர் ஐந்தே மாதத்தில், இரவு பதினொரு மணிக்கு, அதே பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். 18 வயது நிறைந்தவரைச் சிறுவர்களோடு தங்கவைக்க முடியாது என்பதால் காவலாளியின் அறையில் படுக்கவைத்து, காலையில் இட்லியும் பேருந்துக்குப் பணமும் கொடுத்து அனுப்பினோம். அதன்பிறகு அவருடைய கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. அவரை அனுப்பிவைத்தது நான்தான் என்பதால் இந்தக் கேள்வியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஒரு நன்கொடையாளர் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு வீட்டின் வாடகையையும் ஒரு முழுநேர ஊழியரின் சம்பளத்தையும் ஏற்க முன்வந்திருக்கிறார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள், ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடுகளைப் பற்றிப் பேசுகின்றன. நாங்களும் அப்படி ஒரு வீட்டிலிருந்து தொடங்குவதா? அல்லது தொழிற்பயிற்சி, வேலை ஏற்பாடு, மனநல ஆலோசனை ஆகியவற்றில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வதா? இப்பணியில் இருப்பவர்களும், இல்லத்தில் வளர்ந்து வெளியே வந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர்)

ஐயா, வீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்களிடம் வந்து நின்ற அந்தப் பையனுக்குப் படிவம் 37இல் பிற்காப்பு ஆணை பெறப்பட்டிருந்ததா என்பதை முதலில் பாருங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயதில் இல்லத்தைவிட்டு வெளியேறுபவருக்கு நிதியுதவி வழங்கலாம் என்கிறது. குழந்தைகள் நலக் குழு ஆணையிட்டால் 21 வயது வரையிலும், சிறப்புச் சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகளும் பிற்காப்பு வழங்க விதிகளில் இடமிருக்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கான மாத உதவி 4,000 ரூபாய். ஆனால் ஆணை இல்லையென்றால் இவற்றில் எதுவுமே நகராது. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே, வெளியே போனபின் என்ன ஏற்பாடு என்று சொல்லும் பின்திட்டம் ஒன்றைத் தயாரித்துக் குழுவிடம் தர வேண்டும் என்பது விதி. நான் பணியில் இருந்த காலத்தில் அது பெரும்பாலும் ஏப்ரல் மாதக் கடைசியில், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்காமல், முந்தைய ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதப்பட்டது. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு மாதம் எதற்கும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்தவை. நல்ல எண்ணத்தோடு ஒரு நன்கொடையாளர் பணம் கட்டி ஏழாம் வகுப்பில் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றிவிட்ட பிள்ளை, பதினெட்டு வயதில் இவை ஒவ்வொன்றிலும் வாசலோடு திரும்புகிறது. ஆக, பிற்காப்புத் திட்டத்தின் முதல் முடிவைப் பதினோரு வயதிலேயே, அது பிற்காப்பு என்று தெரியாமலே, நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு எவரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே தனி இனமாக இடம்பெற்றிருக்கிறார்கள். இதை அறியாத இல்லங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் இறந்த தேதியைக் காட்டும் தாள் வேண்டும், இல்லத்தில் சேர்த்த ஆணை வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு முறையாவது நடக்க வேண்டும். இதைக் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் வாரத்தில் தொடங்கினால் முடியாது, ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் முடியும். வங்கிக் கணக்கையும் கவனியுங்கள். காப்பாளர் கையெழுத்தில் இயங்கும் சிறார் கணக்கு, பிள்ளைக்கு 18 நிறைந்தவுடன் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் தரும்வரை நின்றுவிடும். கையில் காசு தேவைப்படும் அதே மாதத்தில்தான் அது நிற்கிறது.

உங்கள் முழுநேர ஊழியரின் முதல் ஆண்டு வேலை, பதினைந்து வயதைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையின் ஃபைலையும் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும்.

மறுமொழி 2 (இல்லத்தில் பதினோரு ஆண்டுகள் வளர்ந்தவர், வயது 27)

மேலே ஐயா எழுதிய ஒவ்வொன்றும் சரி. எனக்கு அந்தத் தாள்கள் எல்லாம் இருந்தன. ஆனாலும் நானும் ஒரு நாள் பெட்டியோடு நின்றேன் என்பதால் என் பங்குக்குச் சிலவற்றை எழுதுகிறேன்.

ஐடிஐ முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பயிற்சியாளராகச் சேர்த்துவிட்டார்கள். தங்குமிடம், சாப்பாடு, போகவர வண்டி எல்லாமே நிறுவனத்தின் பொறுப்பு. இல்லத்தில் இருந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன். பதினொன்றாவது மாதம் ஒப்பந்தம் முடிந்தது என்று சொன்ன அன்றே கட்டிலும் போயிற்று. உடன் வேலை பார்த்த பையன்கள் திருவண்ணாமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பேருந்து ஏறினார்கள். அவர்களுக்கும் வேலை போயிருந்தது, ஆனால் போவதற்கு ஓர் ஊர் இருந்தது. மற்றவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடு வேலையில் சேரும்போது தெரிவதில்லை, வேலை போகும்போதுதான் தெரிகிறது. அதனால் உங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது: தங்குமிடத்தையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். விடுதியோடு கூடிய நூற்பாலை வேலைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ‘மறுவாழ்வு’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதற்கும் இதே விளைவுதான்.

வாடகைக்கு அறை தேடியபோது வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கேட்பதற்கு முன் “சொந்த ஊர் எதுப்பா? அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார். முதல் வீட்டில் உண்மையைச் சொன்னேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். மூன்றாவது வீட்டில், அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று பொய் சொன்னேன், சாவி கிடைத்தது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது பணம் அல்ல. தொலைபேசியில் “ஆமாம், எங்கள் பையன்தான், ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லக்கூடிய ஒரு பெரியவரின் குரல். உங்கள் ஊழியர் செய்யக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று, இதற்குச் செலவு கிடையாது.

இன்னொன்று உங்களுக்குச் சிறியதாகத் தெரியலாம். இல்லத்தில் அறுபது பேருக்கு வடிக்கிற அரிசியைக் களைந்திருக்கிறேன், ஆனால் ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் வடித்ததில் பாதியைக் கொட்டினேன். மின்கட்டணம் கட்டியதில்லை, சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டியதில்லை, காய்ச்சலுக்கு நானாக மருத்துவரிடம் போனதில்லை. மணி அடித்தால் எழுவதும் மணி அடித்தால் உண்பதும் பழகியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் இருப்பதிலேயே கடினமான நேரம். இவற்றை ‘வாழ்க்கைத் திறன் பயிற்சி’ என்று ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து இரண்டு நாளில் நடத்த முடியாது. பதினாறு வயதிலிருந்து மாதம் இருநூறு ரூபாயை அவன் கையில் கொடுத்து, அவன் தப்பாகச் செலவழிப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்று ஒரு வேலை இருக்கிறது, போன ஆண்டு திருமணமும் ஆகியிருக்கிறது. பெட்டியோடு நின்ற அந்த வாரம், இல்லத்தில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் தன் வீட்டுத் திண்ணையில் ஒன்பது நாள் படுக்கவைத்தார். எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒன்பது நாள் அது. நீங்கள் அமைக்கப்போகும் சேவையில் அந்தத் திண்ணைக்கு இடமிருந்தால் மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம். எங்களில் பலர் முதன்முறை வெளியேறும்போது விழுவதில்லை. ஆறாவது மாதத்துக்கும் இரண்டாவது ஆண்டுக்கும் இடையில் ஏதோவொரு நாளில்தான் விழுகிறோம். அந்த நாளில் எங்கள் ஃபைல் மூடப்பட்டிருக்கும்.

மறுமொழி 3 (பெண்களுக்கான குழு வீட்டை நிர்வகிப்பவர்)

நான்கு ஆண்டுகளாக ஏழு பெண்கள் தங்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் செய்த தவறு ஒன்றை மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பு, கைப்பேசிக்குக் கட்டுப்பாடு, பார்வையாளருக்குத் தடை என்று இல்லத்து விதிகளையே சுவரில் ஒட்டினோம். ஆறு மாதத்தில் மூன்று பேர் சொல்லாமல் போய்விட்டார்கள். மீதமிருந்தவர்கள் எட்டாவது ஆண்டும் அங்கேயே இருப்பதற்குத் தயாராக இருந்தார்கள். இரண்டுமே தோல்விதான். இன்று சாவி ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. சம்பாதிப்பவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை வாடகையாகத் தருகிறார்கள். அந்தத் தொகையை அவரவர் பெயரிலேயே போட்டுவைத்து, வெளியேறும் நாளில் அட்வான்ஸுக்காகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். வாடகை தருகிறவர் என்ற நினைப்பே அவர்கள் பேசும் குரலை மாற்றிவிடுகிறது.

அண்ணன் எழுதிய திண்ணையை நாங்கள் எட்டாவது கட்டிலாக வைத்திருக்கிறோம். அதை எவருக்கும் நிரந்தரமாக ஒதுக்குவதில்லை. வெளியே போனவர் எந்தக் காரணத்துக்காகத் திரும்பினாலும் முப்பது நாள் தங்கலாம், முதல் மூன்று நாள் யாரும் காரணம் கேட்கக் கூடாது. கட்டில் காலியாகக் கிடக்கும் மாதங்களில் நன்கொடையாளர்கள் ‘பயன்படாத இடம்’ என்று குறிப்பிடுவார்கள். அதற்கு இப்போதே பதில் தயாராக வைத்திருங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு, வீட்டை விட்டு நகரும் அடுத்த படியாக அரசின் தோழி விடுதிகளையும் பாருங்கள். எங்களிடமிருந்து இருவர் அங்கே இடம் பெற்றிருக்கிறார்கள். அங்கே அவர்கள் ‘இல்லத்துப் பெண்’ அல்ல, வேலைக்குப் போகும் பெண். அந்த ஓர் அடையாள மாற்றத்துக்காகவே அங்கு போக விரும்பினார்கள்.

மறுமொழி 4 (சமூகப்பணித் துறை ஆசிரியர்)

சுருக்கமாக ஒன்று. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பிலிருந்து வெளியேறுபவர் ஒவ்வொருவருக்கும் பெயர் குறிப்பிட்டு ஓர் ஆலோசகரை நியமிக்கச் சொன்னது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், கேட்பவர்களுக்கு அந்த ஆதரவை 25 வயது வரை நீட்டித்தது. அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களில் வளர்பவர்கள் என்பதால் அவர்களுடைய ஏற்பாடுகள் பலவும் நமக்குப் பொருந்தா. ‘கேட்பவர்களுக்கு’ என்ற அந்தச் சொல் மட்டும் பொருந்தும். வேண்டாம் என்று 18 வயதில் கையெழுத்திட்டுப் போனவர், 22 வயதில் மனம் மாறி வந்தாலும் உரிமையோடு கேட்கலாம். நம் மாதிரி விதிகளிலும் ஆலோசகர் ஒருவர் தொடர்ந்து தொடர்பில் இருப்பது பிற்காப்புச் சேவைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதைச் சம்பளம் உள்ள பணியிடமாக்கி, இரண்டாம் மறுமொழி எழுதியவரைப் போன்ற ஒருவரை நியமிக்கலாமே.

வினா எழுப்பியவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அலமாரியைத் திறந்து, பதினைந்து வயதைக் கடந்த பதினான்கு பேரின் ஃபைல்களையும் எடுத்துப் பார்த்தேன். ஆறு பேரின் ஆதாரில் பதினைந்து வயதில் செய்ய வேண்டிய விரல்ரேகைப் புதுப்பிப்பு நடக்கவில்லை. ஒருவரின் தந்தை இறந்த சான்றிதழ் வேறொரு பிள்ளையின் ஃபைலில் இருந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியேறிய பதின்மூன்று பேரில் இருவருக்கு மட்டுமே படிவம் 37 ஆணை பெறப்பட்டிருக்கிறது. காவலாளி அறையில் படுத்தவர் அந்த இருவரில் இல்லை. அவருக்கு இன்னும் 19 நிறையவில்லை என்பதால் இப்போதாவது விண்ணப்பிக்க முடியுமா என்று திங்கட்கிழமை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கப்போகிறேன்.

வீடு எடுப்பதை ஓராண்டு தள்ளிவைத்து, அந்த வாடகைப் பணத்தில் இல்லத்துக்கு வெளியே, இல்லத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையை எடுக்கலாமா என்று நன்கொடையாளரிடம் கேட்டிருக்கிறேன். எட்டுப் பேர் தங்கும் வீட்டுக்குத்தான் திறப்புவிழா வைக்க முடியும், இரண்டு கட்டிலுக்கு எப்படி வைப்பது என்று சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

இரண்டாம் மறுமொழி எழுதிய தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பையனின் எண் இன்னும் அணைந்தே இருக்கிறது. கடைசியாக, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் பக்கம் வேலை தேடுவதாக அவனுடைய நண்பன் ஒருவனிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கத்து விடுதிகளில் விசாரிப்பதற்கு எங்கே தொடங்கலாம் என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா?