கூந்தங்குளத்துக்கு வர்ற வாத்து இமயமலையத் தாண்டியா வருது?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்துல பட்டைத்தலை வாத்து பாத்தேன், தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்புக் கோடு, அவ்ளோ அழகு. திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையத் தாண்டி வருமாமே, அந்த உயரத்துல எப்படிங்க மூச்சு விடும்?

பதில் 1: உண்மைதான் ப்ரோ. டிராக்கர் மாட்டிப் பாத்ததுல 7,000 மீட்டருக்கு மேலயே பறந்திருக்கு. அதோட ஹீமோகுளோபின் (ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்குற புரதம்) கம்மியான ஆக்சிஜனையும் விடாம பிடிச்சுக்கும், நுரையீரலும் பெருசு.

பதில் 2: அதவிட ஆச்சரியம், ஒரே உயரத்துல நேரா பறக்காது, மலை ஏறுனா ஏறி இறங்குனா இறங்கி தரையை ஒட்டியே போகும், திரும்ப ஏறணுமேன்னு நமக்குத் தோணும் ஆனா கீழ காத்து அடர்த்தியா இருக்கறதால மொத்தத்துல சக்தி மிச்சம். ராத்திரி, விடியக்காலை நேரத்துல நிறைய பறக்கறதும் அதுக்கு உதவுது, குளிர்ந்த காத்து இன்னும் அடர்த்தி.

கேட்டவர்: அடேயப்பா! ரொம்ப நன்றிங்க, எப்போ திரும்பிப் போகும்?

பதில் 1: வெயில் ஏற ஆரம்பிச்சதும் கிளம்பிடும்.