புது டேபிள் சா: மரம் கருகுகிறது, ஃபென்ஸைத் திருப்பி வைக்கலாமா?

சிராய்த்தூள்:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாகக் கைரம்பத்தையும் கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தையும் வைத்தே காலத்தை ஓட்டியவன். போன வாரம்தான் முதல் டேபிள் சா, அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பம், வீட்டுப் பட்டறைக்கு வந்தது. 10 அங்குல பிளேடு, வார்ப்பிரும்பு மேசை, மோட்டார் பின்னால் தொங்கிக்கொண்டு பெல்ட்டில் ஓடும் வகை. துருப் பிடிக்காமல் இருக்க அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் துணியால் வழித்தெடுக்கவே ஒரு காலைப்பொழுது போனது. மறுநாள் கால்களை மாட்டி, பக்கத்துச் சிறகுகள் இரண்டையும் போல்ட் போட்டு, பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டமான ஃபென்ஸ் ஓடும் தண்டவாளத்தைப் பொருத்தி முடித்தேன்.

பிரச்சினை இதுதான். 20 மி.மீ. தேக்குப் பலகையை நார் போகும் வாக்கில் கிழித்தேன். பாதி வரை வெண்ணெய் மாதிரி போனது. அதற்கு மேல் மோட்டார் முனக ஆரம்பித்தது. ஃபென்ஸ் பக்கம் இருந்த துண்டின் ஓரம் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கருகிவிட்டது. கடைசி ஒரு சாண் வரும்போது பலகையின் பின்முனை லேசாகத் தூக்கியது. பயந்து நிறுத்திவிட்டேன்.

டேப்பை வைத்துப் பார்த்தால் பிளேடின் முன்பக்கம் ஃபென்ஸுக்குச் சரியாக 100 மி.மீ., பின்பக்கம் அரை மி.மீ. குறைவு போலத் தெரிகிறது. ஃபென்ஸ் தலையில் நான்கு போல்ட் இருக்கிறது. அதை இளக்கி ஃபென்ஸைப் பிளேடுக்கு இணையாகத் திருப்பி வைத்தால் போதுமா? பிளேடு பெட்டியோடு வந்ததுதான், 40 பல்.

வெட்டுக்கிளி:

போதும். நான்கு போல்ட்டையும் இளக்குங்கள், ஃபென்ஸைப் பிளேடோடு ஒட்டி வைத்து இறுக்குங்கள். பின்பக்கம் கொஞ்சம் விலகியே இருக்கட்டும். பத்து நிமிட வேலை.

மூலைமட்டம்:

தம்பி, அந்த நான்கு போல்ட்டில் கை வைக்காதீர்கள். இன்னும் வைக்கவில்லை என்றால்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தில் நம்மால் அசைக்க முடியாத ஒரே விஷயம் மேசையில் கடைந்திருக்கும் மைட்டர் பள்ளம், குறுக்கு வெட்டுக்கு மரத்தைப் பிடித்துத் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடுமே, அது. வார்ப்பிரும்பிலேயே வெட்டியது, அதை நீங்களும் நானும் திருப்ப முடியாது. ஆகவே மற்றதெல்லாம் அதற்குப் பணிய வேண்டும். முதலில் பிளேடு பள்ளத்துக்கு இணை, அப்புறம் ஃபென்ஸ் பள்ளத்துக்கு இணை. பிளேடே கோணலாக இருக்கும்போது ஃபென்ஸை அதற்கு ஏற்றமாதிரி கோணலாக்கினால் கிழிப்பது நன்றாகத்தான் வரும். நாளைக்கு மைட்டர் கேஜை வைத்துக் குறுக்கே வெட்டும்போது முன்பல் வெட்டிய இடத்தைப் பின்பல் மறுபடி சுரண்டும். ஓரம் பிசிறும். அப்போது மைட்டர் கேஜ் மேல் சந்தேகப்பட்டு அதைத் திருகுவீர்கள். அதற்கப்புறம் எது சரி, எது கோணல் என்று உங்களுக்கே தெரியாது. நான் இப்படியே இரண்டு மாதம் சுற்றியவன்.

டேப்பில் அரை மி.மீ. தெரிகிறதென்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், டேப்பின் கொக்கி ஆடுவதாகவும் இருக்கலாம். நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரு துண்டுக் கட்டையின் முனையில் திருகாணி ஒன்றை ஏற்றுங்கள். கட்டையை மைட்டர் கேஜ் முகத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். திருகாணி இருக்கும் பக்கமாகச் சாய்ந்த பல் ஒன்றைத் தேர்ந்து மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை மேசையின் முன்பக்கம் கொண்டுவந்து, திருகாணித் தலை அதை மெல்ல உரசும் அளவுக்குத் திருகுங்கள். உரசும்போது 'ட்ரிக்' என்று ஒரு சத்தம் வரும், அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். மைட்டர் கேஜையும் பின்னால் தள்ளுங்கள். அதே சத்தம் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இடைவெளி தெரிந்தால் தடிமன் பொறித்த ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்து எவ்வளவு என்று பாருங்கள். திருகாணியை முட்டித் தள்ளினால் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது பின்பக்கத்தில் உரசும்படி வைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து இடைவெளியை அளங்கள்.

அதே பல் என்று ஏன் இத்தனை தடவை சொல்கிறேன் என்றால், எந்தப் பிளேடும் முழுத் தட்டையாக இருக்காது. முன்னால் ஒரு பல், பின்னால் வேறொரு பல் என்று அளந்தால் நீங்கள் அளப்பது பிளேடின் நெளிவை. நான் முதல் முறை அப்படித்தான் அளந்தேன். அரை நாள் தட்டித் தட்டி, நேராக இருந்த பிளேடைக் கோணலாக்கிவிட்டு ஓய்ந்தேன். இன்னொன்று, மைட்டர் கேஜின் தண்டு பள்ளத்துக்குள் ஆடும். அளக்கும் நேரம் முழுவதும் அதை ஒரே பக்கச் சுவரோடு அழுத்திப் பிடியுங்கள்.

வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரண அச்சுத்தாள் ஒன்றின் தடிமன் அவ்வளவுதான். மரம் வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட அதிகமாக விரிந்து சுருங்கும்.

ஒரு கேள்வி. பிளேடுக்குப் பின்னால் நிற்குமே, ரைவிங் நைஃப், வெட்டுத்தடம் மூடிப் பிளேடைக் கவ்வாமல் பிரித்துப் பிடிக்கும் தகடு, அது மாட்டியிருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

சிராய்த்தூள்:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நல்லவேளை, போல்ட்டைத் தொடவில்லை.

அளந்தேன். முன்பக்கம் உரசல், பின்பக்கம் 0.45 மி.மீ. இடைவெளி. இடது பள்ளத்திலிருந்து அளந்தேன், அப்படியானால் பிளேடின் பின்பாதி வலப்பக்கம், அதாவது ஃபென்ஸை நோக்கி, சாய்ந்திருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன், அதே எண்தான். அப்புறம் ஃபென்ஸை வலது பள்ளத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து விரலால் தடவிப் பார்த்தேன். முன்னும் பின்னும் சமமாக இருக்கிறது. ஃபென்ஸ் மேல் வீண்பழி போட்டிருக்கிறேன்.

ரைவிங் நைஃப்... மாட்டவில்லை. எந்தத் துளையில் எந்தத் திருகு என்று புரியாததால், அப்புறம் பார்க்கலாம் என்று பையிலேயே வைத்துவிட்டேன்.

மூலைமட்டம்:

பையில் இருக்கும் ரைவிங் நைஃப் யாரையும் காப்பாற்றாது.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர், மணிக்கு 190 கிலோமீட்டர். முன்பல் மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டுகிறது. பின்பல் கீழிருந்து மேலே எழும்பி உங்களை நோக்கி வருகிறது. ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் பலகை சிக்கினால் அந்தப் பின்பல்தான் அதைத் தூக்கி எறியும். உங்கள் பலகையின் பின்முனை தூக்கியது அதற்கு முந்தைய நிலை. நீங்கள் நிறுத்தியது சரி. எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. உள்ளங்கை அகலப் பிளைவுட் துண்டு ஒன்று தொப்புளுக்கு நான்கு விரல் மேலே வந்து மோதியது. மூன்று வாரம் கத்திரிக்காய் நிறம். அன்றைக்கு ரைவிங் நைஃபைக் கழற்றி வைத்திருந்தேன், பிளேடுக்கு நேராகவும் நின்றிருந்தேன். இரண்டுமே என் தப்பு. இப்போதெல்லாம் பிளேடின் கோட்டிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கி நின்றுதான் தள்ளுகிறேன்.

மாட்டும் முன் தடிமன் பாருங்கள். ரைவிங் நைஃப் பிளேடின் தகட்டைவிடத் தடிமனாகவும், பல் வெட்டும் தடத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். தகடு 1.8, தடம் 2.8 என்றால் 2.2 அல்லது 2.3 பொருந்தும். தடத்தைவிடத் தடிமன் என்றால் மரம் அதில் முட்டி நிற்கும். மெல்லிய தடப் பிளேடு வாங்கும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. நேரான இரும்பு ஸ்கேலைப் பிளேடோடு ஒட்டிவைத்து, நைஃப் பிளேடின் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இனி பிளேடைத் திருப்பும் வேலை. உங்கள் வகையில் மோட்டாரையும் ஆர்பரையும் (பிளேடு மாட்டும் தண்டு) தாங்கும் பாகம் மேசையின் அடிவயிற்றில் தொங்கும். பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு போல்ட். முன்பக்கத்தில் ஒன்றை மட்டும் லேசான பிடியில் விட்டு மற்ற மூன்றையும் இளக்குங்கள். பின்பக்கத் தாங்கியில் கட்டை ஒன்றை வைத்து மரச்சுத்தியால் தட்டுங்கள். அடி என்று சொல்லவில்லை, கதவைத் தட்டுகிற மாதிரி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை அள. இறுக்கும்போது போல்ட்டே பாகத்தை இழுத்துப் போகும், அதனால் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கியபின் வரும் எண்தான் கணக்கு.

வெட்டுக்கிளி:

சரி, அளக்காமல் சொன்னது என் அவசரம். ஆனால் ஃபென்ஸின் பின்பக்கம் விலகி இருக்க வேண்டும் என்பதை விடமாட்டேன். நான் அரை மி.மீ. விட்டுத்தான் பல வருடமாக வெட்டுகிறேன், ஒருமுறைகூடக் கருகியதில்லை.

மூலைமட்டம்:

விலகல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. உள்ளே சாயவே கூடாது, வெளியே ஒரு தாளின் தடிமன் போகலாம். அரை மி.மீ. விட்டால் உங்கள் ஃபென்ஸ் பக்கத் துண்டு பளிச்சென்று இருக்கும். இடப்பக்கம் விழும் துண்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பல் வளைவு வளைவாகக் கீறியிருக்கும். அதைக் கழிவு என்று தூக்கிப் போடுகிறவருக்குத் தெரியாது.

வெட்டுக்கிளி:

...திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது.

நடுரேகை:

நான் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்பவள். எனக்கு மூலை 90 டிகிரி வராவிட்டால் மூடி உட்காராது. அதனால் இந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். அண்ணன் சொன்ன இணை வேலையெல்லாம் முடிந்தபின் இதைச் செய்யுங்கள்.

பிளேடு மேசைக்குச் செங்குத்தா என்று பார்க்க மூலைமட்டக் கருவியை வைக்கும்போது அது பல்லில் தொடாமல் தகட்டில் மட்டும் படட்டும். பல் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பொய் சொல்லும். ஆனால் நான் கடைசியாக நம்புவது மரத்தைத்தான். இரண்டு ஓரமும் இணையாக உள்ள, நான்கு விரல் அகலப் பட்டையை ஓரம் மேசையில் படும்படி நெட்டுக்குத்தாக நிறுத்தி மைட்டர் கேஜில் பிடித்துக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, மேசைமேல் வைத்தபடியே வெட்டு முகத்தோடு வெட்டு முகம் சேருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் மேலேயோ கீழேயோ கீற்று தெரியும். தெரிவது உண்மைப் பிழையைப் போல் இரண்டு மடங்கு, அதனால் கண்ணுக்குத் தப்பாது. 90 சரியானதும் அந்த இடத்திலேயே, பிளேடு 90-ஐத் தாண்டாமல் நிறுத்தும் திருகை முட்டவிட்டு இறுக்கிவிடுங்கள். அந்தத் திருகைச் சுற்றி மரத்தூள் அடைந்தால் 90 மறுபடி 89 ஆகும். மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள்.

மைட்டர் கேஜுக்கு ஐந்து வெட்டு முறை. ஒரு பிளைவுட் சதுரத்தின் நான்கு பக்கத்தையும் வரிசையாக வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இப்போது வெட்டிய பக்கத்தைக் கேஜோடு ஒட்டித் திருப்பி வையுங்கள். ஐந்தாவது வெட்டாக முதல் பக்கத்திலிருந்து விரல் அகலப் பட்டை ஒன்றைச் சீவி எடுங்கள். பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரில் அளந்து வித்தியாசத்தை நான்கால் வகுத்தால், அந்த நீளத்துக்கு உங்கள் கேஜின் பிழை. முதல் முறை எனக்கு 1.2 மி.மீ. வந்து மனம் உடைந்துவிட்டது. நான்கால் வகுக்க மறந்திருந்தேன்.

மேசைக்கு மெழுகு தேயுங்கள், துருவும் வராது, பலகையும் வழுக்கும். சிலிகான் கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் வார்னிஷ் அடிக்கும்போது அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விலகும்.

சிராய்த்தூள்:

இரண்டு மாலை ஆனது. முதல் நாள் 0.45-ஐ 0.05-க்குக் கொண்டுவந்து, குஷியில் ஒரே மூச்சில் போல்ட்டை இறுக்கினேன். மறுபடி 0.3. ஐயா எழுதியதை இன்னொருமுறை படித்துவிட்டு, நேற்று மாற்றி மாற்றி இறுக்கினேன். இறுதியாக 0.06. பின்பக்க போல்ட் ஒன்று இறுக்கமே இல்லாமல் வந்திருந்தது, வழியில் வண்டி குலுங்கியதிலேயே பிளேடு நகர்ந்திருக்க வேண்டும்.

ரைவிங் நைஃப் நின்றுவிட்டது. அதே தேக்கில் மிச்சத்தைக் கிழித்தேன். மோட்டார் முனகவில்லை, ஓரம் கருகவில்லை. இழைப்புளி இரண்டு இழுப்புக்கு மேல் கேட்காது.

90 டிகிரிக்கு அக்கா சொன்ன புரட்டல் செய்தேன், மேலே கீற்று தெரிந்தது, சரிசெய்தேன். ஐந்து வெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு சின்னக் குழப்பம். ஃபென்ஸை அளவுகோலில் 100-ல் வைத்து வெட்டினால் துண்டு 100.4 வருகிறது. முன்பு சரியாக இருந்தது. எதையோ கெடுத்துவிட்டேனா?

மூலைமட்டம்:

கெடுக்கவில்லை. பிளேடை நகர்த்தினீர்கள், ஃபென்ஸில் அளவு காட்டும் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. வெட்டிய துண்டை வெர்னியரில் அளந்து, ஃபென்ஸ் அசையாமல் இருக்கும்போதே முள்ளின் திருகை இளக்கி அதே எண்ணுக்கு நகர்த்துங்கள். வேறு தடிமனில் பிளேடு மாற்றினால் இதைத் திரும்பச் சரிபாருங்கள்.

பிளேடை 45-க்குச் சாய்த்தும் அந்தத் திருகாணிச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். நேராக நிற்கும்போது இணையாக இருப்பது சாய்ந்தால் விலகுவதுண்டு. அப்படி இருந்தால் தாங்கியின் அடியில் மெல்லிய தகடு கொடுக்க வேண்டும், அதற்குத் தனியாக எழுதுகிறேன். பிளக்.

சிராய்த்தூள்:

பிடுங்கியாயிற்று ஐயா. மேசைமேலேயே கிடக்கிறது.