யாழ்ப்பாணத்திலையிருந்து லண்டனுக்கு நாய்: பழைய ஊசி அட்டை செல்லுமோ?

வடலி:
இன்னும் ஐஞ்சு மாசத்திலை குடும்பத்தோடை லண்டனுக்கு மாறுறம். நாலு வயசு ஊர்நாய், 18 கிலோ. வருசா வருசம் இலவசமாப் போடுற விசர்நாய்த் தடுப்பூசி அட்டை இருக்கு, தோலுக்குக் கீழை வைக்கிற அடையாளச் சிப் இல்லை. அட்டை காணுமோ? ரத்தப் பரிசோதனை கட்டாயமோ? நான் முதல் போய் வீடு பாத்தாப் பிறகு தம்பி ஏத்திவிடலாமோ? விமானத்திலை நாயை வைக்கிற கூடு இஞ்சை ஆசாரியிட்டை அடிப்பிக்கலாமோ?

பனையோலை:
அட்டை செல்லாது. ஊசியிலை பிழையில்லை, வரிசையிலைதான் பிழை. சிப் வைச்சாப் பிறகு போட்ட ஊசியைத்தான் பிரித்தானியா கணக்கெடுக்கும். சிப் இல்லாமல் போட்டது இந்த நாய்க்குத்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? ஐஎஸ்ஓ 11784, 11785 எண்ட சர்வதேசத் தரத்திலை 15 இலக்கச் சிப் வேணும். ஒரே நாளிலை முதல் சிப், பிறகு ஊசி எண்டு ரெண்டையும் முடிக்கலாம்.

ரத்தப் பரிசோதனை கட்டாயம், ஏனெண்டா அது இல்லாமல் பிரித்தானியா விடுற நாடுகளின்ரை பட்டியலிலை இலங்கை இல்லை. ஊசி போட்டுக் குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கோணும். அதிலை விசர்நாய் நோய்க்கான எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக்கூடாது. அதுக்குப் பிறகு மூண்டு மாசக் காத்திருப்பு. அது றிப்போர்ட் வந்த நாளிலையிருந்து இல்லை, ரத்தம் எடுத்த நாளிலையிருந்து.

உதாரணத்துக்கு ஜனவரி 5 சிப்பும் ஊசியும் எண்டா, பெப்ரவரி 6 ரத்தம், மே 6க்குப் பிறகுதான் பயணம். ஐஞ்சு மாசம் மட்டுமட்டாக் காணும். அடுத்த கிழமை எண்டு தள்ளிப்போடாதேங்கோ.

தம்பி பிறகு ஏத்திறது சரிவராது. உங்கடை பயணத்துக்கும் நாயின்ரை பயணத்துக்கும் ஐஞ்சு நாளுக்கு மேலை இடைவெளி இருந்தா வியாபார இறக்குமதியாப் பாப்பினம், அதின்ரை விதி வேறை.

நீர்வேலி வாய்க்கால்:
ரத்த மாதிரி விசயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அனுப்ப வேண்டியது முழு ரத்தம் அல்ல, பிரித்தெடுத்த சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர். எடுத்த ரத்தத்தை அப்படியே கொழும்புக்கு பஸ்ஸில் விட்டால், இந்த வெக்கைக்கும் குலுக்கலுக்கும் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோகும். ஆய்வுகூடம் அதைத் திருப்பிவிட்டால் மூன்று மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் உள்ள இடத்தில் எடுத்து, அங்கேயே சீரத்தைப் பிரித்து, ஐஸ் பொதியோடு அனுப்புங்கள். குழாயின் லேபலில் சிப் இலக்கம் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடங்களின் பட்டியலில் உள்ள இடமா என்பதையும் முன்பே பாருங்கள்.

ஊசி போட்டு 4 முதல் 6 கிழமைக்குள்தான் எதிர்ப்புச் சக்தி உச்சத்தில் நிற்கும். 'பிறகு எடுப்பம்' என்று விட்டால் அளவு இறங்கி 0.5ஐ எட்டாமல் போகலாம்.

மிருக வைத்தியர் ஒவ்வொரு முறையும் சிப்பை ஸ்கேனரால் வாசித்துவிட்டு எழுதட்டும், பழைய கடதாசியைப் பார்த்து எழுத வேண்டாம். 15 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிடிபடும். கடதாசி சரியில்லாத நாயை உங்கள் செலவில் நான்கு மாதம் வரை தடுத்து வைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம்.

மரவேலை:
கூடு அடிப்பிக்கலாம். மூக்கு நுனியிலையிருந்து வால் அடி வரைக்கும் நீளம், நிலத்திலையிருந்து முழங்கை வரைக்கும் கால், தோள் அகலம், நிக்கேக்கை காது நுனி உயரம், நாலையும் அளக்கோணும். உள்நீளம் நாயின்ரை நீளமும் காலிலை பாதியும். அகலம் தோளைப்போல ரெண்டு மடங்கு. உயரம் காது நுனி வரைக்கும். 75, 32, 20, 60 சென்ரிமீற்றர் எண்டா உள்ளளவு 91, 40, 60. இது ஆகக்குறைஞ்சது, கொஞ்சம் கூட விடுங்கோ. நாலு பக்கமும் காத்து ஓட்டை, இரும்புத் தாழ்ப்பாள், வெளியாலை தண்ணி ஊத்தக்கூடிய கிண்ணம். சில்லு வேண்டாம்.

மாம்பலகையிலை அடிக்காதேங்கோ. மரத்திலை அறுத்த பலகைக்குச் சூடாக்கிப் பதப்படுத்தின முத்திரை கேப்பினம், பிளைவூட்டுக்கு இல்லை. ஆனா மூலைச் சட்டம் தடிப்பான பலகையெண்டா அதுக்கும் முத்திரை வேணும்.

விமானக் கூலி கூட்டின்ரை கனவளவுக்கு. வெளியளவு 95, 53, 68 சென்ரிமீற்றர் எண்டா பெருக்கி 6000ஆலை பிரிக்க 57 கிலோ. நாயும் கூடும் சேந்து 33 கிலோதான் எண்டாலும் 57க்குத்தான் கட்டுவியள். கூட்டைத் தேவைக்கு மிஞ்சிப் பெருப்பிக்க முதல் இதைக் கணக்குப் பாருங்கோ.

வடலி:
நன்றி. எங்களோடை அதே விமானத்திலை பயணப்பொதியாப் போடேலாதோ? மயக்க மருந்து குடுக்கலாமோ?

பனையோலை:
அதே விமானத்திலை வரலாம், ஆனா பிரித்தானியாவுக்கு விமானத்திலை நாய் கார்கோவா, அதாவது சரக்காத்தான் இறங்கலாம். அதாலை சுங்கக் கடதாசியும் வரும். குடிபெயருற ஆக்களுக்கான வரிவிலக்குக்கு முதலே விண்ணப்பியுங்கோ. மயக்க மருந்து வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், விமானக்காரரும் ஏத்தமாட்டினம்.

நாடாப்புழுக் குளிசையை விட்டிடாதேங்கோ. பிரசிகுவாண்டெல் எண்ட மருந்து, லண்டனிலை இறங்க 24 மணித்தியாலத்துக்கும் 120 மணித்தியாலத்துக்கும் இடையிலை, மிருக வைத்தியரே குடுத்து நேரத்தோடை சுகாதாரச் சான்றிதழிலை பதியோணும். மே 12 பின்னேரம் 7 மணிக்கு இறங்கிறதெண்டா மே 9 காலமை 10 மணிக்குக் குடுங்கோ. விமானம் ஒரு நாள் பிந்தினாலும் தாங்கும். சான்றிதழ் பத்து நாளுக்குத்தான் செல்லும், அதாலை முந்தியும் எடுக்கேலாது.

நீர்வேலி வாய்க்கால்:
விமான நிலையத்துக்கு வான் வண்டியில் கொண்டுபோவதென்றால் இரவில் புறப்படுங்கள். வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போனால் கொழும்பு நெரிசலைத் தொடாமல் கட்டுநாயக்கா விமான நிலையம். கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்துப் பூட்டுங்கள், ஏற்றும்போது சிந்தாது, போகப் போகக் கரையும். இரண்டு மாதம் முன்பே கூட்டை முற்றத்தில் வைத்து, சாப்பாட்டை அதற்குள் போடுங்கள்.