மலையில் 42 கிலோமீட்டர்: சமதரையில் ஓடிப் பழகியவன் எப்படித் தயாராவது?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்)

வணக்கம். வயது 43. தினமும் காலை ஐந்து மணிக்கு சில்வர் பீச் பக்கம் ஓடுகிறேன். சமதரையில் 42 கிலோமீட்டரை இரண்டு முறை முடித்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் நண்பர்களோடு கல்வராயன் மலையில் அதே தூரம் ஓடப் போகிறேன். இன்னும் ஏழு வாரம்தான். போன ஜூனில் ஒரு மலைப்பாதையில் 25 கிலோமீட்டர் ஓடினேன். ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போது தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. வெயிலுக்குப் பயந்து, தாகம் இல்லாதபோதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் தலைசுற்றல், வாந்தி. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. நம்ம ஊரில் ஏறி இறங்க எங்கே போவது?

பதில் (திருப்பாதிரிப்புலியூர்)

சார், கேப்பர் மலை இருக்கிறதே! உயரம் கம்மிதான், ஆனால் அதே சரிவில் பத்து முறை ஏறி இறங்கினால் கணக்கு சேரும். இறக்கத்தில் நடந்துவிடாதீர்கள், அதுதான் பயிற்சியே. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, அதில்தான் அடிபடுகிறது. ஒருமுறை வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். அப்புறம், இரண்டு ஞாயிறு செஞ்சிக்குப் போய் வாருங்கள். அங்கே கோட்டை இருக்கும் ராஜகிரி மலை சுமார் 800 அடி. அந்தப் படிகளில் ஓட வேண்டாம், விறுவிறுவென்று நடந்தாலே போதும். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு விடாது.

பதில் (முதலியார்பேட்டை, செவிலியர்)

அண்ணா, அந்த வாந்தியைப் படித்ததும் பதறிவிட்டேன். வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், மூளை வீங்கும் அளவுக்கும் போகலாம். உங்களுக்கு அதுதான் நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கலக்கவே கூடாது.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். கடைசி மூன்று வாரம் ஓட்டத்தை எட்டு மணிக்கு மாற்றுங்கள், வேகம் வேண்டாம். உடம்பு பழகியதும் வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், ரத்தத்தில் நீர்ப்பகுதியும் கூடும். மலையில் கூட வருகிறவர் பேச்சு குழறினாலோ, தடம் தெரியாமல் நடந்தாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். உடனே 108.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று எட்டு மணி வெயிலில் 75 நிமிடம் ஓடிப் பார்த்தேன். அரை லிட்டர் உப்பு மோர் குடித்தும் 1.3 கிலோ குறைந்தது. அப்படியென்றால் 1.8 லிட்டர் வேர்வை! மருத்துவரை நாளை மாலை பார்க்கிறேன். அவர் சரி என்றால் ஞாயிறு காலை கேப்பர் மலை. திருப்பாதிரிப்புலியூர் சார், நீங்களும் வருகிறீர்களா?