லெவே சாமியாரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க! சிவகங்கை மறைமாவட்டத்தில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். சருகணி லெவே சாமியாரைப் பற்றி உங்களிடம் ஓர் உதவி வேண்டும்.

1884-இல் பிரான்சில் பிறந்த இயேசு சபைக் குரு. 1973 மார்ச் 21 அன்று சருகணியில் இறந்தார். வானம் பார்த்த நம் பூமியில் கண்மாய் வெட்ட வைத்து ஏழைகளுக்குக் கூலியும் தண்ணீரும் கிடைக்கச் செய்தவர். அவர் கல்லறைக்கு இன்றும் எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் வெறும் ஒரு படம்தான். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

தேதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. அவரிடம் பீடச்சிறுவராக (பூசையில் குருவுக்கு உதவும் சிறுவராக) இருந்தவர்கள், அவர் கையால் புதுநன்மை (முதல் முறை நற்கருணை) வாங்கியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தாத்தா பாட்டியாக இருந்தாலும் சரி, இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்களேன். எப்படிப் பேசுவார், என்ன சாப்பிடுவார், சேட்டை செய்தால் திட்டுவாரா? பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அவர் இப்போது இறை ஊழியர் நிலையில்தான், அதாவது புனிதர் பட்டத்துக்கான முதல் படியில்தான் இருக்கிறார். பொது வழிபாடு கூடாது என்பதால், பிள்ளைகள் வரையும் அவர் ஓவியத்தில் புனிதர்களுக்குப் போடும் ஒளிவட்டம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த அருள்சகோதரிகள் யாராவது வழிகாட்டுங்கள்.

நினைவு நாள் தவக்காலத்தில் வருகிறது. அதற்கு முன்பே பதிவுகள் கிடைத்தால் நல்லது.