ஜேனட் ஃபீல்டிங்: திரையில் பார்த்தவர்களும் நேரில் பார்த்தவர்களும் எழுதுங்கள்

நீலப்பெட்டி, லண்டன்

பிபிசியின் காலப்பயணத் தொடரான டாக்டர் ஹூ என்று பேச்செடுத்தாலே, டாக்டராக நடித்தவர்களில் டாம் பேக்கரா டேவிட் டெனன்டா என்றுதான் வாக்குவாதம் போகிறது. டாக்டரோடு கூடப் பயணம் செய்தவர்களைப் பற்றி யாரும் தனியாக உட்கார்ந்து பேசுவதில்லை. அதனால் இந்த இழை முழுவதும் ஜேனட் ஃபீல்டிங்குக்கு, அதாவது அவர் நடித்த நம் டீகன் ஜொவாங்காவுக்கு. அவரைத் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள், மேடையில் பார்த்தவர்கள், கையெழுத்துக்கு வரிசையில் நின்றவர்கள், எல்லோரும் எழுதுங்கள். முதலில் நான்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1953இல் பிரிஸ்பேனில் பிறந்தவர். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். எழுபதுகளில் நாடக வேலையாக இங்கிலாந்து வந்து, இங்கேயே தங்கிவிட்டார். 1980இல் ஹேமர் நிறுவனத்தின் திகில் தொடரில் ஒரு சிறு வேடம். அடுத்த வருடமே டாக்டர் ஹூவில் முக்கியப் பாத்திரம் கிடைத்துவிட்டது.

1981 பிப்ரவரி 28. ‘லோகோபோலிஸ்’ கதையின் முதல் பகுதி. பார்னெட் பைபாஸ் ஓரம் ஒரு சின்னக் கார் பஞ்சராகி நிற்கிறது. உள்ளே டீகனும் அவள் அத்தையும். டீகன் விமானப் பணிப்பெண். அன்றுதான் வேலையில் சேருகிறாள், ஹீத்ரோ போயாக வேண்டும். பக்கத்தில் ஒரு போலீஸ் பெட்டி நிற்கிறதே, உதவி கேட்கலாம் என்று அதற்குள் போகிறாள். அவ்வளவுதான், அது டாக்டரின் காலக்கப்பலான டார்டிஸ், அதன் முடிவில்லாத நடைகளில் தொலைந்துபோகிறாள். அத்தையை டாக்டரின் எதிரியான மாஸ்டர் கொன்றுவிடுகிறான். அந்தக் கதை முடியும்போது டாம் பேக்கர் போய் பீட்டர் டேவிசன் டாக்டராக வந்துவிடுகிறார்.

இந்த ஆரம்பத்தை நான் இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. டீகனை ‘சும்மா சும்மா குறை சொல்கிறவள்’ என்று நாற்பது வருடமாக எழுதுகிறார்கள். அவள் விரும்பி ஏறிய வண்டி இல்லை அது. முதல் நாளே அத்தையை இழந்தவள். ‘என்னை ஹீத்ரோவில் கொண்டுபோய் விடு’ என்று கேட்பது குறை சொல்வதா? அந்தக் கப்பலில் மனுஷத்தனமாக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான் என்பேன். அத்தை செத்ததைக் கதாசிரியர்கள் சீக்கிரமே மறந்துவிட்டார்கள். ஜேனட் மறக்கவில்லை. சிடுசிடுப்புக்கு அடியில் ஒரு பயமும் துக்கமும் இருப்பதை அவர் நடிப்பில் கடைசிவரை பார்க்கலாம்.

நான் அவரை நேரில் பார்த்தது ஒரு ரசிகர் மாநாட்டு மேடையில். டேவிசனும், கூடப் பயணித்த நிஸ்ஸாவாக நடித்த சாரா சட்டனும் பக்கத்தில். ப்ளூ-ரேக்களில் அவர்கள் மூவரும் சோபாவில் உட்கார்ந்து பழைய எபிசோடுகளைப் பார்க்கும் பகுதியைப் பார்த்தவர்களுக்கு அந்த மேடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. டேவிசனைக் கிண்டல் செய்யாமல் அவர் விடவே மாட்டார். ஆனால் அன்று மனதில் நின்றது வேறு. அந்தக் காலத்தில் பெண் பாத்திரங்களை எப்படி எழுதினார்கள், என்ன உடுத்தச் சொன்னார்கள் என்ற பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பூசி மெழுகாமல் பேசினார். தன்னை உலகறியச் செய்த தொடரை நேசித்துக்கொண்டே அதன் குறையை அதன் ரசிகர்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

ஈஸ்ட் ஹாம் அக்கா

தம்பி, நல்ல இழை. நான் எழுதாமல் விட்டால் சரிவராது.

82ஆம் ஆண்டு தைமாதம், எனக்குப் பத்து வயது. அதுவரைக்கும் சனிக்கிழமைகளில போன டாக்டர் ஹூவை அந்த வருசம்தான் திங்களும் செவ்வாயும் எண்டு மாத்தினவை. அப்ப இங்க மூண்டு சேனல்தான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளும் அதைப் பற்றித்தான் கதைப்பினம். கிட்டத்தட்ட 90 லட்சம் பேர் பாத்த காலம் அது.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில ஒரு பெரிய கஷ்டம் என்ர உச்சரிப்பு. வாயைத் திறந்தாலே நாலு பேர் திரும்பிப் பாப்பினம். அதால நான் வகுப்பில கையே உயர்த்திறேல்ல. வீட்டில டிவியைப் போட்டால், ஊதா நிற யூனிபோர்மோட ஒரு பொம்பிளை, பிபிசி ஆக்களைப் போல இல்லாமல் தன்ர ஊர்க் குரலிலேயே டாக்டரோட சண்டை பிடிக்குது. ஆருக்கும் பயந்து குரலைத் தணிக்கேல்ல. இப்ப உள்ள பிள்ளையளுக்கு இது விளங்காது. ‘நெய்பர்ஸ்’ எண்ட ஆஸ்திரேலியத் தொடர் பிபிசிக்கு வந்தது 1986 ஐப்பசியில. அதுக்குப் பிறகுதான் ஆஸ்திரேலியக் குரல் இங்க ஒவ்வொரு வீட்டு ஹோலிலும் நாளாந்தம் கேட்டது. டீகன் அதுக்கு அஞ்சு வருசம் முந்தி வந்தவ. டாக்டரோட போன முதல் ஆஸ்திரேலியப் பெண்ணும் அவதான்.

ஆஸ்திரேலிய ஒளிபரப்பு நிறுவனத்தோட சேர்ந்து தயாரிக்க வழி பிறக்கலாம் எண்ட கணக்கிலதான் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் அப்படியொரு பாத்திரத்தை வச்சவர் எண்டு பிறகு வாசிச்சன். கணக்கு எதுவா இருந்தாலும் சரி, எனக்குக் கிடைச்சது கிடைச்சதுதான். அந்த வருசம் நான் வகுப்பில கை உயர்த்தத் தொடங்கினன்.

‘எர்த்ஷாக்’ கதையில அவ தன்னைப் பற்றிச் சொல்லுற ஒரு வசனம் இருக்கு, தான் கால் முளைச்ச வாய் எண்டு. எங்கட அம்மாவும் என்னை இதே மாதிரித்தான் பேசுவா. நான் அதைப் புகழ்ச்சியா எடுத்துக்கொண்டன்.

ஒப்பனை அறை, பர்மிங்ஹாம்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் இங்கே ஒரு சிறிய நாடகக் குழுவில் நடிக்கிறவன். ஜேனட்டின் குரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், நடிப்பைப் பற்றிப் பேச்சு குறைவு. அதற்காகவே ‘கிண்டா’ கதையை (1982 பிப்ரவரி) எடுத்துக்கொள்கிறேன். எழுதிய கிறிஸ்டோபர் பெய்லிக்குப் பௌத்தத்தில் ஈடுபாடு. கிரகத்தின் பெயர் தேவ லோகா. பாத்திரங்களின் பெயர்கள் துக்கா, அனத்தா, அனிச்சா, கருணா, பன்னா. உள்ளே புகுந்து ஆளும் தீய சக்தி மாரா. நமக்கு இவை பழகிய பெயர்கள் என்பதால் கதை சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.

காற்றில் ஒலிக்கும் மணிகளுக்கு அடியில் டீகன் தூங்கிப்போகிறாள். பிறகு ஒன்றுமே இல்லாத இருட்டு. அங்கே அவளோடு விளையாடுகிறார்கள், பயமுறுத்துகிறார்கள், அவளுக்கு எதிரே இன்னொரு டீகனைக் கொண்டுவந்து நிறுத்தி உண்மையான டீகன் யார் என்று கேட்கிறார்கள். கடைசியில் களைத்துப்போய் அவள் ஒப்புக்கொடுக்கிறாள். விழித்து எழுந்தவள் வேறு ஆள். ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து கீழே இருப்பவன் மேல் ஆப்பிள்களைப் போடுகிறாள்.

அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒப்பனை பெரிதாக ஒன்றுமில்லை. உடை அதே விமானப் பணிப்பெண் யூனிஃபார்ம். தோள் தளர்கிறது, பேச்சின் வேகம் பாதியாகிறது, கண் எதிராளியை விட்டு நகரவே இல்லை. இத்தனை கதைகளாகப் படபடவென்று பேசியே பழகியவள் நிதானமாகப் பேச ஆரம்பித்ததும் நமக்கு முதுகு சில்லிடுகிறது. மாரா பாம்பாக வரும் காட்சியின் ரப்பர் பாம்பைப் பற்றி ஆயிரம் கேலி வந்திருக்கிறது. டிவிடி வெளியிட்டபோது கணினியில் செய்த பாம்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு பாம்பும் வேண்டாம். ஜேனட்டின் முகமே போதும்.

அடுத்த வருடம் ‘ஸ்நேக்டான்ஸ்’. மாரா மறுபடியும் வருகிறது. இந்த முறை சிறு பிள்ளைக் குரலிலும் பேசுகிறார். முடிவில் எல்லாம் தீர்ந்ததும் டாக்டரிடம் ஒதுங்கி அழுகிறார், கதை அங்கேயே நின்றுவிடுகிறது. வெற்றிச் சிரிப்பு கிடையாது. (இளம் மார்ட்டின் குளூன்ஸ் ஒரு அலட்சியமான அரசிளங்குமரனாக வருவதும் இதில்தான்.) இந்த இரண்டு கதைகளை மட்டும் வைத்தே நடிப்பு வகுப்பு எடுக்கலாம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி கேட்பவன்

அண்ணா, ஒரு சந்தேகம். இவ்வளவு திறமை இருந்தும் பிறகு ஏன் பெரிய வேடங்களில் காணவில்லை? நடிப்பை விட்டுவிட்டாரா?

நீலப்பெட்டி, லண்டன்

விட்டார், தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடிப்பிலிருந்து விலகினார். ஒரு தொடரில் நினைவாகிப்போன முகத்துக்கு அடுத்த வேடம் சுலபமாகக் கிடைப்பதில்லை, அதுவும் அந்தக் காலத்துப் பெண்களுக்கு. ஆனால் தொழிலை விட்டு அவர் போகவில்லை. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் வேலை செய்யும் பெண்களுக்கான ‘விமன் இன் ஃபிலிம் அண்ட் டெலிவிஷன்’ என்ற அமைப்பின் நிர்வாகத்தில் இருந்தார். பிறகு நடிகர்களுக்கு ஏஜென்ட் ஆனார். 1996இல் பால் மெக்கான் எட்டாவது டாக்டரானபோது அவருடைய ஏஜென்ட் நம் ஜேனட்தான். திரையில் தனக்காகச் சண்டை பிடித்தவர், திரைக்குப் பின்னால் மற்றவர்களுக்காகப் பேரம் பேசினார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த அத்தியாயம் இது. ரசிகர்கள் அதிகம் பேசாததும் இதைத்தான்.

2006இல் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனத்தின் ஒலி நாடகம் ஒன்றில் டீகனாகத் திரும்பி வந்தார். ‘தி கேதரிங்’ என்று பெயர். கதை நடப்பது பிரிஸ்பேனில். 2010இல் ‘காப்வெப்ஸ்’ தொடங்கி டேவிசன், சட்டனோடு தொடர்ந்து பேசிவருகிறார். காரில் நெடுந்தூரம் போகும்போது கேட்டுப் பாருங்கள். குரலுக்கு வயதாகவே இல்லை.

கடற்கரைக்காரி, கென்ட்

நான் ராம்ஸ்கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கு டாக்டர் ஹூ அவ்வளவாகத் தெரியாது. ஜேனட்டை எனக்கு எங்கள் பக்கத்து ஆளாகத்தான் தெரியும். வெஸ்ட் கிளிஃப் மேலே ஒரு பழைய மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஒரு காலத்தில் மோட்டார் அருங்காட்சியகமாக இருந்த கட்டடம். அதை மீட்டுக் கலை மையமாக்க வேண்டும் என்று ‘ப்ராஜெக்ட் மோட்டார்ஹவுஸ்’ என்ற அறக்கட்டளை முயன்றது. அதன் வேலைகளை முன்னின்று பார்த்தவர் அவர். கடலோர ஊர்களில் இளம் பிள்ளைகளுக்கு வேலையும் குறைவு, போக்கிடமும் குறைவு. அதை இங்கே இருந்து பார்த்தால்தான் புரியும். பேர் வாங்கிய நடிகை ஒருவர் கடல் பார்த்த வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் கட்டடத்துக்கும் நிதிக்கும் அலைந்தார்.

2012இல் அவருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தபோது எங்கள் பக்கத்திலும் எல்லோருக்கும் கவலை. அவர் சிகிச்சையில் இருக்கும்போது மோட்டார்ஹவுஸ் நின்றுபோகக் கூடாது என்று அவருடைய பழைய தோழர்கள் சேர்ந்து 2013இல் ஒரு ரசிகர் நிகழ்ச்சி நடத்தினார்கள். பெயர் ‘ப்ராஜெக்ட் மோட்டார்மவுத்’, ஓயாமல் பேசுகிற வாய் என்ற பொருளில். ஈஸ்ட் ஹாம் அக்கா சொன்ன வசனத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நோயிலிருந்து மீண்டு வந்தார். அதே வருடம் தொடரின் ஐம்பதாம் ஆண்டுக்காக டேவிசன் எடுத்த சிறுபடத்திலும் தலைகாட்டினார்.

நேரில் ஒருமுறை ஒரு பொது நிகழ்ச்சியில் அவரிடம் நன்றி சொன்னேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

தேம்ஸ் பாலம்

டவர் பிரிட்ஜ் பக்கம் ஷேட் தேம்ஸ் தெருவுக்கு அருகில்தான் எனக்கு வேலை. இப்போது காபிக் கடைகளும் விலை உயர்ந்த அடுக்குமாடி வீடுகளுமாக இருக்கும் அந்த இடத்தில்தான், பாழடைந்த கிடங்குகளாக இருந்த காலத்தில் ‘ரிசரெக்‌ஷன் ஆஃப் தி டாலெக்ஸ்’ படப்பிடிப்பு நடந்தது. 1984 பிப்ரவரி 15 அன்று டீகன் விடைபெற்றது அந்தக் கதையில்.

கூட வந்தவர்கள் விலகும்போது வழக்கமாகக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு போவார்கள், அல்லது ஒரு கிரகத்தில் நல்ல காரியத்துக்காகத் தங்கிவிடுவார்கள். இவள் அப்படிப் போகவில்லை. அந்தக் கதையில் பிணம் விழுந்துகொண்டே இருக்கிறது. அவற்றின் நடுவே நின்று, இதில் இனி சந்தோஷம் இல்லை, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே ஓடுகிறாள். டாக்டர் துரத்தினால் இன்னும் விலகுகிறாள். டார்டிஸ் மறைந்த பிறகு திரும்பி ஓடி வருகிறாள். அவர் எப்போதும் அவளுக்குச் சொல்லும் தைரிய வார்த்தையைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். சாகசத்துக்கு ஒரு விலை உண்டு என்று அந்தத் தொடர் இவ்வளவு நேராக ஒப்புக்கொண்டது அபூர்வம். அதைச் சொல்ல டீகனைத் தவிர வேறு யாரையும் நம்பியிருக்க முடியாது, மூன்று வருடமாக உண்மையைச் சொல்லிவந்தவள் அவள்தான் என்பதால்.

அதனால் 2022 அக்டோபர் 23 அன்று ‘தி பவர் ஆஃப் தி டாக்டர்’ ஒளிபரப்பானபோது நான் தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டேன். பிபிசியின் நூற்றாண்டுச் சிறப்பு எபிசோடு, டாக்டராக ஜோடி விட்டேக்கரின் கடைசி. இன்னொரு பழைய பயணத் தோழியான ஏஸ் ஒரு பக்கம், டீகன் ஒரு பக்கம். முப்பத்தெட்டு வருடம் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லையே என்று டாக்டர் மேல் அவளுக்கு இருக்கும் கோபத்தை ஜேனட் கொஞ்சமும் மழுப்பவில்லை. பிறகு டேவிசனின் உருவம் அவள் முன்னால் தோன்றுகிறது. ‘எர்த்ஷாக்’கில் இறந்துபோன சக பயணி அட்ரிக்கின் பெயர் வருகிறது. அதே தைரிய வார்த்தை மறுபடியும் வருகிறது, இந்த முறை அவர் வாயாலேயே. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த என் மகளுக்கு இவர்கள் யார் என்றே தெரியாது, அவளும் அழுதாள்.

ஒப்பனை அறை, பர்மிங்ஹாம்

மகளுக்கு ‘டேல்ஸ் ஆஃப் தி டார்டிஸ்’ காட்டுங்கள், 2023 நவம்பரில் வந்தது. டீகனும் ஐந்தாவது டாக்டரும் சந்தித்து ‘எர்த்ஷாக்’ நாட்களை நினைத்துப் பேசுகிறார்கள், நடுவில் பழைய கதை ஓடும். பழைய எபிசோடுகளும் அதே சமயத்தில் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் ஏறின. லோகோபோலிஸில் தொடங்கினால் டாம் பேக்கரையும் பார்த்துவிடலாம். ‘கிண்டா’வை மட்டும் இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.