சுவரை இடித்த அன்று வந்தவர்கள்: வீடு புதுப்பித்தவர்கள் சொல்லுங்கள்

அமோகியோ அப்பா:
சிங்கப்பூர் அங் மோ கியோவில் பழைய நாலறை வீடு, மறுவிற்பனையில் வாங்கியது. ஹாலில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிச் சின்ன அறை எடுத்திருந்தார்கள். பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி, அவர்கள் பட்டியலில் இருக்கிற காண்டிராக்டர், எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், விடுகிறேன்.

சுவரை எடுத்த அன்று மதியம் வாசலில் ஒரு பெரியவர். வீட்டை எங்களுக்கு விற்றவரேதான். அவர் பெயருக்கு வந்த கடிதங்களை வாங்க வந்திருந்தார். தூசு இன்னும் அடங்கவில்லை. ஜன்னல் வெயில் அடுப்படி வரை வந்து கிடந்தது. மனிதர் கல்லும் மண்ணுமாகக் கிடந்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பழைய அறை இருந்த இடம் வந்ததும் வலது கை தானாக உயர்ந்து சுவிட்சைத் தேடியது. சுவர்தான் இல்லையே. என்னைப் பார்த்துச் சிரித்தார். "மகளோட ரூம்" என்று மலாயில் சொன்னார். கடிதங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீடு இப்போது பளிச்சென்று இருக்கிறது, ஆனால் அந்தக் கை மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உங்களுக்கு இப்படி யாராவது வந்தார்களா?

தாளிப்பு வாசனை:
பெரியவர் கதை சரி அண்ணே. சமையலறைச் சுவரையும் எடுத்துவிட்டீர்களா? எடுத்திருந்தால் அனுபவிப்பீர்கள். நாங்களும் எடுத்தோம். மாமியார் ஊரிலிருந்து வந்து கருவாடு வறுத்தார். மறுநாள் காலை மகள் பள்ளிச் சீருடையை மோந்துவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், அவ்வளவுதான் என் கதை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மேல் பாதி கண்ணாடி வைத்த தடுப்பு போடுங்கள், வெளிச்சம் வரும், வாசனை வராது. வீவக வீட்டில் உத்தரம், தூண் எதையும் தொட முடியாது, அதனால் "எல்லாத்தையும் திறந்துடலாம்" என்று சொல்கிற டிசைனரை நம்பாதீர்கள். பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள் இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறை, அதன் சுவரையும் அப்படித்தான், இடிக்கவே முடியாது, அந்தக் கனத்த இரும்புக் கதவையும் கழற்றக் கூடாது. பால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே போடும் பொய்க்கூரை) வேண்டவே வேண்டாம், இருக்கிற உயரமே கொஞ்சம், அதையும் இறக்கினால் வெள்ளை அடித்தும் பயனில்லை. அப்புறம், வடக்கு பார்த்த வீட்டுக்கு வெயிலே வராது என்று ஊர்ப் பேச்சை இங்கே பேசாதீர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைதான் மேலே. ஜூனில் சூரியன் வடக்கே சாய்கிறது, டிசம்பரில் தெற்கே. இரண்டு பக்க ஜன்னலுக்கும் முறை வரும். பிரச்சினை மேற்குதான். சாயங்காலம் நாலு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டை வாங்குங்கள்.

புக்கிட் பாத்தோக் அக்கா:
தாளிப்பு தம்பி, ஒருவர் மனசு கனத்து எழுதுகிறார், நீங்கள் கருவாட்டுக்குப் போய்விட்டீர்கள்!

எங்கள் வீட்டில் ஓடு பதித்தது மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே ஜன்னலோரம் நின்று மனைவிக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. "இங்க பாரு, இதுதான் ஹாலு. தரை நான் போட்டது. காத்து எப்படி வருது பாரு." அந்தப் பக்கம் ஒரு குழந்தை, "அப்பா, நம்ம வீடா?" என்றது. அவர், "இல்லடா, அக்கா வீடு" என்றார். நான் சத்தமில்லாமல் லிப்டுக்கே திரும்பிப் போய்விட்டேன்.

மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போடப் பார்த்த என்னிடம், வெளிச்சத்தை விடுகிற மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று முன்னால், கனமானது பின்னால் என்று சொன்னவரும் அவர்தான். டிசைனர் சொல்லவில்லை. பால் காய்ச்சக் கூப்பிட போன் செய்தேன். துவாஸ் பக்கம் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்களாம், வர முடியவில்லை.

ஐந்தாம் மாடி:
எனக்கு வந்தது கீழ்வீட்டுச் சீனப் பாட்டி. சனிக்கிழமை காலை, காண்டிராக்டர் ஆட்கள் குளியலறையில் ஓடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டி மேலே வந்தார், ஒன்றும் பேசவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார். சாமி மேடையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்கள் மேல் கூரைச் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. ஒரு பழத்தை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சத்தம் போடுகிற வேலை திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு கிடையாது, தீபாவளிக்கு முந்தின நாளும் கிடையாது. காண்டிராக்டருக்கு இது தெரியாமலா இருக்கும்? கேட்டால் "கொஞ்சம்தான் சார்" என்றார். அன்றைக்கு மிஷினை நிறுத்த வைத்தேன், மனிதர் திங்கட்கிழமை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். பாட்டி இப்போது லிப்டில் பார்த்தால் தலையாட்டுவார், பேச மாட்டார்.

தாளிப்பு வாசனை:
அக்கா, நான் போட்டது உபயோகமான தகவல். ஐந்தாம் மாடி, சனிக்கிழமைச் சத்தத்துக்கு வீவகவில் புகார் கொடுக்கலாம்.

ஐந்தாம் மாடி:
யார் மேல்? என் வீட்டு வேலை மேலேயேவா?

அமோகியோ அப்பா:
தாளிப்பு, சமையலறைச் சுவர் அப்படியே இருக்கிறது, கவலை வேண்டாம். அந்தக் கண்ணாடித் தடுப்பு பற்றி வீட்டில் கேட்கிறார்கள். இழுப்புக் கதவு வைத்ததா, நிலையானதா? எண்ணெய்ப் பிசுக்கு பிடித்தால் எப்படித் துடைக்கிறீர்கள்?